சிலந்திக்கு ஒரு மூலச் சான்றிதழ்

தைப்பொங்கலுக்கு மறுநாள் ஜேர்மனியிலிருந்து தம்பியின் மகன் வாட்ஸ்அப்பில் அழைத்தான். வாழ்த்துச் சொல்லத்தான் எடுக்கிறான் என்று நினைத்தேன். அவனோ கமெராவைத் திருப்பி ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினான். உள்ளே நிமிர்த்தி வைத்த மரப்பட்டை. அதன்மேல் விரித்த உள்ளங்கை அளவில் ஒரு சிலந்தி. சாம்பலும் வெளிர் மஞ்சளுமாக உடம்பெங்கும் கோலம்.

"பெரியப்பா, இது உங்கட ஊர்" என்றான்.

எங்கள் ஊர் எது என்ற கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் மூன்று பதில்கள் இருக்கின்றன. அப்பா பிறந்தது ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களில் நாங்களும் ஒரு குடும்பம். நான் வளர்ந்தது மாங்குளத்தை அண்டிய ஒரு குடியேற்றத்தில். தம்பி 1999இல் நாட்டை விட்டுப் போனவன். அவன் மகன் அங்கேயே பிறந்தவன். ஹட்டனையும் பார்த்ததில்லை, மாங்குளத்தையும் பார்த்ததில்லை. அப்படியிருக்க, அவனுடைய படிப்பறையில் எங்கள் மூன்று ஊர்களில் முதலாவது ஊரின் சிலந்தி ஒன்று குடியிருக்கிறது.

அதன் அறிவியல் பெயர் போசிலோதீரியா சப்ஃபஸ்கா. 1895இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் விலங்கியலாளர் பொகொக் வைத்த பெயர். இலங்கையின் மத்திய மலைநாட்டில்தான் இது வாழ்கிறது. உலகில் வேறெந்த நாட்டுக் காட்டிலும் இல்லை. டரன்டுலா என்று ஆங்கிலப் படங்களில் காட்டிப் பயமுறுத்தும் பெருஞ்சிலந்திக் கூட்டத்தைச் சேர்ந்தது. (இத்தாலியின் தராந்தோ நகரத்து ஓநாய்ச் சிலந்திக்கு இருந்த பெயர் அது. ஐரோப்பியர் கடல் கடந்த இடங்களில் கண்ட பெரிய சிலந்திகளுக்கெல்லாம் அதையே சூட்டிவிட்டார்கள்.) வடக்கில் நாங்கள் புலிமுகச் சிலந்தி என்போம். சிங்களத்தில் திவி மகுளுவா, அதாவது சிறுத்தைச் சிலந்தி. தோட்டத்தில் எங்கள் அத்தைக்கு எல்லாமே எட்டுக்கால் பூச்சிதான்.

பையன் அதை வளர்க்கும் முறையைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே மதிப்பு வந்தது. அதைக் கையில் எடுப்பதே இல்லை. பெட்டிக்குள் கைவைக்க வேண்டிய வேலை எல்லாவற்றுக்கும் ஒரு முழ நீள இடுக்கி. வாரத்துக்கு ஒருமுறை ஒரு கரப்பானோ சில்வண்டோ. ஒரு மூலையில் தண்ணீர்க் கிண்ணம், அடியில் ஈரமண், நிமிர்ந்த பட்டைக்குப் பின்னால் இருட்டு. இந்த வகைச் சிலந்தி தரையில் வளை தோண்டி வாழ்வதல்ல, மரப்பொந்தில் வாழ்வது. அதனால் பெட்டி அகலமாக இருப்பதைவிட உயரமாக இருப்பதுதான் முக்கியமாம். பகலெல்லாம் பட்டைக்குப் பின்னால் கிடக்கும். விளக்கை அணைத்து அரைமணி போனபின்தான் முன்கால் இரண்டும் மெல்ல வெளியே வரும்.

ஆரம்பத்தில் ஒரு பிழை விட்டிருக்கிறான். இலங்கை என்றால் வெப்ப நாடு என்று நினைத்து வெப்ப விளக்குப் போட்டிருக்கிறான். சிலந்தி பட்டையை விட்டு இறங்கி, இரவு பகலாகத் தண்ணீர்க் கிண்ணத்தருகிலேயே கிடந்ததாம். பிறகுதான் நுவரெலியாவின் வெப்பநிலையைத் தேடிப் பார்த்திருக்கிறான்: 1,868 மீற்றர் உயரம், ஆண்டுச் சராசரி 16 பாகை அளவு. விளக்கைக் கழற்றிய மூன்றாம் நாள் அது மேலே ஏறிவிட்டது. "பெரியப்பா, தாத்தா அங்க கம்பளி போட்டுக்கொண்டா இருந்தவர்?" என்று கேட்டான். ஆம், கம்பளிதான், மழைக்கும் குளிருக்கும் அந்த ஒரு கறுப்புக் கம்பளிதான். தாத்தாவின் ஊர்க் குளிரை அவன் ஒரு சிலந்தியிடமிருந்து அறிந்துகொண்டான்.

அவனிடம் ஒரு கொப்பி இருக்கிறது. எந்தத் திகதியில் தின்றது, எந்தத் திகதியில் தின்ன மறுத்தது, எப்போது சட்டை கழற்றியது என்று எழுதி வைத்திருக்கிறான். சட்டை கழற்றும்போது மல்லாக்காகக் கிடக்கும். தெரியாதவர்கள் செத்துவிட்டதென்று தூக்கி எறிந்துவிடுவார்கள். சில மணி நேரம் கழித்துப் பழைய உடம்பிலிருந்து கால் காலாக உருவிக்கொண்டு புதிய உடம்பு வெளியே வரும். விடப்பற்கள்கூட அப்போது வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். அவை கறுத்து இறுகும்வரை அதற்கு இரை கொடுக்கக் கூடாது. கழற்றிய சட்டையை உருப்பெருக்கியில் வைத்துத்தான் ஆணா பெண்ணா என்று உறுதி செய்கிறார்கள். இவனுடையது பெண். பெண் பத்து ஆண்டுக்கு மேலும் வாழும். ஆணுக்குக் கடைசிச் சட்டை கழன்றபின் இருப்பது சில மாதங்கள். அந்த மாதங்களில் சாப்பாட்டையும் மறந்து பெண்ணைத் தேடித் திரிந்தே முடிந்துவிடும்.

இவை தனிக்குடித்தனக்காரர்கள் அல்ல என்பதை அவன் சொல்லித்தான் அறிந்தேன். பெரும்பாலான டரன்டுலாக்கள் ஒன்றையொன்று கண்டால் தின்றுவிடும். எங்கள் மரச் சிலந்திகளோ ஒரே பொந்தில் தாயும் பல குஞ்சுகளுமாகக் கொஞ்சக் காலம் ஒன்றாகவே கிடக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பிய கதை எனக்கு நினைவுக்கு வந்தது. அவனிடம் சொல்லவில்லை.

அந்தச் சிலந்தியை அவன் குஞ்சாக இருக்கும்போது முப்பது யூரோ கொடுத்து வாங்கியிருக்கிறான். இன்றைய நாணய மாற்றில் பத்தாயிரம் ரூபாவுக்கு மேல். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,750 ரூபா ஆகும் என்று 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அதையே வைத்துக் கணக்குப் பார்த்தாலும் அத்தை போன்ற ஒருவர் அந்தக் குஞ்சுக்கு ஆறு நாள் கொழுந்து பறிக்க வேண்டும்.

சிலந்தியோடு அவனுக்கு ஒரு கடிதமும் கொடுத்திருக்கிறார்கள். இது இன்ன இடத்தில், இன்னாரிடம், கூண்டிலேயே பிறந்தது என்று உறுதிப்படுத்தும் கடிதம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்போது அந்தக் கடிதம் இல்லாமல் இந்த இனத்தை வைத்திருந்தால் கேள்வி வரும். அதை அவன் எனக்குப் படித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் வந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கும் பத்திரம் கேட்டு, அது இல்லாததால் நாடற்றவர் ஆக்கப்பட்டவர்களில் அவனுடைய கொள்ளுத்தாத்தாவும் ஒருவர். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, ஐந்தேகால் இலட்சம் பேர் உங்களுக்கு, மூன்று இலட்சம் பேர் எங்களுக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு பிரித்த கணக்கில் எங்கள் குடும்பமும் ஓர் எண். மூலச் சான்றிதழின் பெறுமதி எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

இப்படி ஒரு கடிதம் தேவைப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. போசிலோதீரியா இனம் முழுவதும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரியது. அழகானது, வேகமானது, நீண்டகாலம் வாழ்வது. அதனால் ஐரோப்பா, அமெரிக்கா, கிழக்காசிய நாடுகள் எங்கும் வளர்ப்போரிடம் நல்ல கிராக்கி. 2018 யூலையில் ஐக்கிய அமெரிக்கா இலங்கையின் ஐந்து இனங்களைத் தன் அழிவாபத்துச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு, இனம் முழுவதையும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கும்படி இலங்கையும் அமெரிக்காவும் சேர்ந்து கேட்டன. அந்த மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடக்கவிருந்தது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளால் அது ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டு ஓகஸ்ட் மாதம் நடந்தது. கோரிக்கை நிறைவேறியது, ஆண்டு இறுதியில் நடைமுறைக்கும் வந்தது.

இரண்டாம் பட்டியல் என்றால் தடை என்று பலர் எழுதுகிறார்கள். அது தடையல்ல. எல்லை கடக்க ஏற்றுமதி அனுமதிப் பத்திரம் வேண்டும். அந்தப் பத்திரத்தைக் கொடுக்குமுன், காட்டில் உள்ளதற்குப் பாதகமில்லை என்று ஏற்றுமதி நாடு உறுதிப்படுத்த வேண்டும். அவ்வளவுதான். உள்நாட்டில் பிடிப்பதும் அனுமதியின்றி வெளியே கொண்டுபோவதும் எங்கள் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் தனியான குற்றங்கள்.

வளர்ப்போரின் வாதமும் முழுக்கத் தள்ளிவிடத்தக்கதல்ல. ஆந்திராவின் நீலச் சிலந்தி போசிலோதீரியா மெற்றாலிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1899இல் கூட்டி ரயில்வே மரக் கிடங்கில் கிடைத்த ஒன்றை வைத்துப் பெயரிட்டார்கள். நூறு ஆண்டுக்கு மேல் எவர் கண்ணிலும் படவில்லை. 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையிலுள்ள காட்டில் மறுபடி கண்டார்கள். காட்டில் அதன் இருப்பிடம் நூறு சதுர கிலோமீற்றருக்கும் குறைவு. ஆனால் உலகெங்கும் வீடுகளில் பெருகிக் கிடக்கிறது. "காடு அழிந்தாலும் எங்கள் பெட்டியில் இருக்கும்" என்கிறார்கள். எனக்கு இது பாதிதான் சரியாகப் படுகிறது. எந்த மலையிலிருந்து வந்ததென்று தெரியாத, பல தலைமுறை உறவுக்குள்ளேயே இணைந்த, சில வேளை வேறு இனத்தோடு கலந்த சிலந்தியைத் திரும்பக் கொண்டுவந்து எந்த மரத்தில் விடுவது? மரம்தான் எங்கே?

மரத்தின் கதைக்கு ஹட்டனுக்குத்தான் போகவேண்டும். மாசியில் போனேன். சிலந்திக்காக அல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகம் சரிந்ததை எல்லோரும் அறிவீர்கள். அத்தையின் மேட்டு லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருந்தது. அதிகாரிகள் பார்த்து, இங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாடசாலை மண்டபத்தில் சில வாரம் இருந்துவிட்டு, வேறு இடம் கிடைக்காததால் எல்லோரும் திரும்பவும் அதே லயத்துக்கு வந்துவிட்டார்கள். அத்தையை வன்னிக்குக் கூட்டிவரலாமா என்று கேட்கத்தான் போனேன்.

இரவு இஸ்தோப்பில் விறகு அடுக்குக்கு மேலே, காரை பெயர்ந்த கல் இடுக்கில் இரண்டு கால்கள் தெரிந்தன. கைபேசி வெளிச்சத்தில் பார்த்தால் பையனின் பெட்டியில் உள்ள அதே கோலம். நான் வாய் திறக்குமுன் அத்தை விளக்குமாற்றோடு வந்துவிட்டார்.

"அடிக்காதீங்க அத்தை" என்றேன்.

"அடிக்காம? ஒங்க மாமாவ இதுதான் கடிச்சிச்சு" என்றார்.

மாமா கவ்வாத்து வெட்டுபவர். எண்பதுகளில் ஒருநாள் விறகு பிளக்கும்போது கையில் கடித்ததாம். வீக்கம் பெரிதில்லை. ஆனால் மறுநாளிலிருந்து கை, கால், நெஞ்சு என்று நரம்பு இழுத்து இழுத்துப் பிடித்திருக்கிறது. ஒரு கிழமைக்கு மேல் அப்படியே. தோட்ட டிஸ்பென்சரியில் இரண்டு வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வேலைக்குப் போகாததால் அந்த நாட்களுக்குப் பேர் விழவில்லை. நோய் என்று ஒருவரும் நம்பவில்லை என்பதுதான் அத்தைக்கு இன்றும் ஆறாதது.

மாமா பொய் சொல்லவில்லை. இந்த இனத்தின் கடி பற்றிய மருத்துவப் பதிவுகள் சொல்வதும் இதைத்தான். இறந்ததாகப் பதிவில்லை, ஆனால் கடுமையான தசைப்பிடிப்பு, பல மணி நேரம் கழித்தும் தொடங்கும், நாட்கணக்கில் விட்டுவிட்டு வரும். விஷமுறி மருந்து கிடையாது. வலிக்கும் தசைப்பிடிப்புக்கும் மருந்து கொடுத்துக் கண்காணிக்க வேண்டும். அமெரிக்கக் கண்டத்து டரன்டுலாக்கள் பலவற்றின் கடி குளவிக் கடி போன்றதுதான். எங்கள் நாட்டு மரச் சிலந்தி அப்படியல்ல. ஆகவே விறகை வெறுங்கையால் இழுக்காதீர்கள், இரவில் பாதணியை உதறிப் போடுங்கள், கடித்தால் கட்டுப்போட்டுக் கீறாமல் ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள், தசை இழுத்தால் அதைச் சொல்லுங்கள்.

சிலந்தி ஏன் லயத்துக்கு வருகிறது என்பதற்கு விடை வாசலில் நின்று பார்த்தாலே தெரியும். கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. இடையிடையே கிளை வெட்டிய நிழல் மரம், மேலே கருப்பந்தைல மரம். முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வெட்டிய காட்டில் பொந்துள்ள முதிய மரங்கள் போய்விட்டன. வெட்டியது எங்கள் முன்னோரின் கைகள்தான், வெட்டச் சொன்னது வேறு வாய். பொந்து போனபின் சிலந்திக்குப் பொந்து போல இருப்பது நூற்றாண்டுக்கு மேற்பட்ட கருங்கல் லயத்தின் சுவர் வெடிப்பு. தேயிலைக்கு மருந்தடித்தால் அதன் இரையும் சாகும். வெளிநாட்டுப் பெட்டிகளுக்குப் போனவற்றைவிட இப்படி வீடிழந்தவை பல மடங்கு என்றுதான் நான் நினைக்கிறேன். பிடித்துக்கொண்டு போவது கண்ணுக்குத் தெரிகிற குற்றம், அதற்குச் சட்டம் வந்துவிட்டது. மற்றதற்கு எந்தப் பட்டியலும் இல்லை.

இதே கதையை நான் மாங்குளத்தில் ஏற்கெனவே கேட்டவன். போர் முடிந்த 2009இல், மாங்குளத்து வாசி ஒருவர் அடித்துக் கொன்ற ஓர் ஆண் சிலந்தி, வடக்கில் ஆய்வுக்கு வந்த ரணில் நாணயக்காரவின் குழுவிடம் கிடைத்தது. தேடியபோது பெண்களும் குஞ்சுகளும் மாங்குளம் வைத்தியசாலையின் பழைய வைத்தியர் விடுதியில் இருந்தன. முதிய மரங்கள் குறைந்ததால் கட்டடத்துக்குள் வந்துவிட்டன என்றார்கள். 2012 டிசெம்பரில் பிரித்தானிய டரன்டுலாச் சங்கத்தின் சஞ்சிகையில் புதிய இனமாக அறிவித்து, வடக்கில் தங்களுக்கு வழிகாட்டிய பொலிஸ் பரிசோதகர் மைக்கல் ராஜகுமார் பூராஜா என்பவரின் பெயரால் போசிலோதீரியா ராஜேயி என்று பெயரிட்டார்கள். கால் விரித்தால் 20 சென்ரிமீற்றர். முகமளவுச் சிலந்தி என்று உலகப் பத்திரிகைகள் எழுதின.

அந்தச் செய்தியை 2013இல் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. 2009இல் நாங்கள் மெனிக் பாம் முகாமில் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் ஊரில் சிலந்தியை எண்ணியிருக்கிறார்கள். பதுங்குகுழிச் சுவரில் அந்தச் சிலந்தியோடு இரவிரவாக இருந்திருக்கிறோம். ஷெல் விழும் நேரத்தில் அதுவும் அசையவில்லை, நாங்களும் அசையவில்லை. பெயர் மட்டும் பொலிஸ்காரரின் பெயர். இப்போது யோசிக்கையில், கோபம் ஆய்வாளர்மேல் வந்திருக்கக் கூடாது என்று தோன்றுகிறது. அவர்கள் போய்ப் பார்த்திராவிட்டால் அது இருந்ததே பதிவாகியிராது. பதிவில்லாதது காணாமல் போனால் கேட்க நாதியில்லை. இதை எங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

இன்னொரு சிலந்தி இராமேஸ்வரத்தில் இருக்கிறது. அங்குள்ள ஒரு கோயில் தோப்பின் பெயரால் 2004இல் பெயரிட்டது, போசிலோதீரியா ஹனுமவிலாசுமிக்கா. பிற்பாடு மன்னாரிலும் கண்டார்கள். எங்கள் முன்னோரை மண்டபம் முகாமில் சோதித்துக் கப்பலேற்றி இறக்கிய அதே இரண்டு கரைகள். 2023இல் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் நடந்து போனபோது நானும் ஒருநாள் கூட நடந்தேன். அந்த மரங்களில் என்ன இருக்கிறதென்று அப்போது தெரியாது.

அத்தையின் சுவரில் எடுத்த படத்தைப் பையனுக்கு அனுப்பினேன். துள்ளிக் குதித்துவிட்டான். உடனே இரண்டாவது செய்தி: "பெரியப்பா, லொக்கேஷன் அனுப்புங்கோ. எங்கட குழுவில போடுறன்." அவனில் பிழையில்லை. எந்த உயரம், எந்தச் சரிவு என்று அறிந்தால் இன்னும் நன்றாக வளர்க்கலாம் என்று நினைக்கிறான். ஆனால் குழுவில் இருப்பவர் எல்லோரும் அவனல்ல. 2024 மே மாதம் யாலவில் பூச்சிகளைப் போத்தலில் அடைத்த இரண்டு இத்தாலியருக்கு எங்கள் நீதிமன்றம் ஆறு கோடி ரூபா தண்டம் விதித்தது. 2025இல் கென்யாவில் ஐயாயிரம் இராணி எறும்புகளோடு பிடிபட்டவர்களில் இருவர் பெல்ஜியத்துப் பதின்வயதுப் பையன்கள். யானைத் தந்தத்தைத் தேடிய கண்கள் இப்போது எறும்பையும் சிலந்தியையும் தேடுகின்றன. தோட்டத்துக்கு ஒருவர் வந்து ஒன்றுக்கு ஐயாயிரம் தருகிறேன் என்றால், வேலையில்லாமல் இருக்கும் இளைஞன் வேண்டாம் என்பானா? பிடிபட்டால் சிறைக்குப் போவதும் அவன்தான். வாங்கியவர் விமானத்தில் இருப்பார்.

அனுப்ப மாட்டேன் என்றேன். காரணத்தையும் எழுதினேன். இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள், குழுவில் போட்டிருந்த தன்னுடைய பழைய படங்களிலும் இடக்குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து நீக்கியதாக எழுதியிருந்தான். தோட்டத்தின் பெயரை இந்தக் கட்டுரையிலும் நான் எழுதாததற்குக் காரணம் அதுதான்.

அத்தை வன்னிக்கு வர மறுத்துவிட்டார். ஏழு பேர்ச் காணி தருவதாகப் பேர் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்களாம். ஆள் இல்லாவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள் என்று பயம். சிலந்தியை அன்றிரவு அடிக்கவில்லை, விறகை மட்டும் வேறு பக்கம் மாற்றி அடுக்கினார். நான் பஸ்ஸுக்கு இறங்கும்போது கேட்டார்:

"அந்தப் பய அதுக்கு என்னா தீனி போடுறான்?"

"கரப்பான் பூச்சி, அத்தை. கடையில காசு குடுத்து வாங்கிப் போடுறான்."

"காசு குடுத்தா?" அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராவிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. "இங்க வரச் சொல்லு. சும்மா அள்ளிக்கிட்டுப் போகட்டும்."